தோற்றவர் போடும் தேத்தண்ணி

எனக்கு அத்தானைப் பிடிக்காது. அவர் அக்காவைக் கட்டிய நாளிலிருந்தே பிடிக்காது. இதை அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன். புதுக்கடையில் வழக்காடுகிற மனிதர் அவர். நீதிமன்றத்தில் பேசித் தீராத மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்களிடம் பேசுவார். போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாள்களில் நானும் என் கணவரும் வெள்ளவத்தையிலிருந்து கிருலப்பனையில் உள்ள அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போவோம். சாப்பாடு முடிந்ததும் அத்தான் செஸ் பலகையை விரிப்பார். வந்தவர்களில் யாராவது அவருடன் ஒரு ஆட்டம் ஆடியே ஆகவேண்டும். தோற்றவர் எல்லோருக்கும் தேத்தண்ணி போடவேண்டும். அந்தச் சட்டத்தை இயற்றியவரும் அவர்தான்.

என் கணவர் தோற்றால், "இஞ்சரும், தேத்தண்ணியைப் போடும்" என்று அத்தானின் குரல் அக்காவுக்குப் போகும். வேறு எந்த ஆண் தோற்றாலும் அப்படித்தான். நான் தோற்கும்போது மட்டும் சட்டம் ஒரு எழுத்தும் பிசகாமல் நடைமுறைக்கு வரும். நான் குசினியில் அடுப்படியில் கேத்திலோடு நிற்பேன். அக்கா சோபாவில் தலைக்கு ஒரு குஷனை வைத்துக் காலை நீட்டிக் கிடப்பாள். சொந்தத் தங்கைக்கு ஒரு கை உதவிக்குக்கூட வரமாட்டாள். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

அத்தானின் ஆட்டம் எப்போதும் ஒன்றுதான். வீட்டுக்காரர் என்ற உரிமையில் வெள்ளைக்காய் அவருக்கு. நேரத்தோடு ராணியை வெளியே எடுப்பார். பிறகு என் ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கும் சிப்பாயைத் தன் பிஷப்பால் வெட்டி, அந்த பிஷப்பை வேண்டுமென்றே பலி கொடுப்பார். வெட்டிவிட்டுக் கதிரையில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொள்வார். "யோசிச்சு வையும், பிள்ளை. வைச்சாப் பிறகு அழக்கூடாது" என்பார். அந்தக் குரலைக் கேட்டாலே என் ராஜா செத்துவிட்டது போல எனக்குத் தோன்றும். பதறிப்போய் எதையாவது தள்ளுவேன். அதோடு ஆட்டம் முடியும்.

ஒரு போயாவில் நான் தட்டோடு வரும்போது அவர் என் கணவரிடம் சொன்னார்: "இவவுக்குத் தேத்தண்ணி நல்லா வரும். ஆட்டம்தான் வராது." எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அவரோடு நான் பேசவில்லை. ஒரு தடவையாவது அத்தானைத் தோற்கடித்து, அந்தக் கதிரையிலிருந்து எழுப்பி, அவர் கையாலேயே தேத்தண்ணி போடவைக்கவேண்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். வீடு வந்து சேருமுன்னே என் போனில் செஸ் ஆடும் இயந்திரம் ஒன்று ஏறியிருந்தது.

அந்த இயந்திரத்தையும் எனக்குப் பிடிக்கவில்லை. முழுப் பலத்தோடு ஆடவிட்டால் நான் மூச்சு விடுமுன் முடித்துவிடும். பலத்தைக் குறைத்தால் நன்றாக ஆடிக்கொண்டே வந்து, திடீரென்று தன் ராணியைத் தூக்கி என் வாயில் வைக்கும். குடித்துவிட்டு வகுப்புக்கு வருகிற வாத்தியார் மாதிரி. அப்படி வென்ற வெற்றியில் எனக்கு ஒரு மரியாதையும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் என் பிழைகளுக்கெல்லாம் சிவப்பில் கேள்விக்குறி போடும். பம்பலப்பிட்டியில் வேலை செய்யும் இடத்தில், மத்தியானச் சோற்றுப்பார்சலைப் பிரித்து வைத்தபடி, அந்தக் கேள்விக்குறிகளைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். பக்கத்து மேசைக்காரி நான் யாருடனோ சண்டை பிடிக்கிறேன் என்று நினைத்தாள். அது உண்மைதான்.

பிறகுதான் இயந்திரத்தோடு மோதுவது வீண்வேலை என்று பட்டது. நான் வெல்லவேண்டியது அதை இல்லை, அத்தானை. அவருடைய ஆட்டம் எனக்கு மனப்பாடம். அந்த நகர்த்தல்களைப் போனில் ஒவ்வொன்றாக வைத்து, அவர் பிஷப்பைப் பலி கொடுக்கும் இடத்தில் நிறுத்தினேன். பலகையின் ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும். யார் பக்கம் ஆட்டம் சாய்கிறதோ அவர் நிறம் அதில் ஏறும். வெள்ளைதான் உச்சிக்கு ஏறப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது கறுப்பு.

நம்பாமல் அழித்துவிட்டுத் திரும்பவும் வைத்துப் பார்த்தேன். கறுப்புத்தான். பிஷப்பை ராஜாவாலேயே வெட்டிவிட்டு, அடுத்த முறைக்கு ராஜாவை ஒரு கட்டம் பின்னால் எடுத்தால் போதும், அத்தானிடம் ஒன்றுமில்லை என்று இயந்திரம் சொன்னது. இத்தனை காலமும் வெல்லக்கூடிய ஆட்டத்தில் உட்கார்ந்து, அவருடைய வாய்க்குப் பயந்து தோற்றிருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்றுப்பார்சலை மடித்து மூடிவிட்டேன். அன்றிலிருந்து அந்த ஒரு நிலையை மட்டும் எடுத்து, இயந்திரத்தை வெள்ளையாக வைத்து ஆடினேன். தோற்றால் அதே இடத்துக்குத் திரும்பிப் போவேன். எங்கே பிழைவிட்டேன் என்று முதலில் நானே சொல்லிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அது போட்ட கேள்விக்குறியைப் பார்ப்பேன். அந்தச் சனியனிடம் இருந்த ஒரே நல்ல குணம், அது வாய் திறக்காததுதான்.

அடுத்து வந்த போயாவில் அத்தான் வழக்கம்போல பிஷப்பை வெட்டிவிட்டுச் சாய்ந்தார். வழக்கமான வசனத்தையும் சொன்னார். நான் ராஜாவால் பிஷப்பை எடுத்தேன், பிறகு ராஜாவைப் பின்னால் வைத்தேன். கட்டியிருந்த கைகளை அவர் அவிழ்த்தார். அதைப் பார்க்கவே நான் அவ்வளவு தூரம் பாடுபட்டேன். ஒரு காய் கூடுதலாக, நல்ல நிலையில், நிதானமாக ஆடிக்கொண்டு போனேன்.

அப்போதுதான் என் விரல் என்னைக் கவிழ்த்தது. போனில் ஒரு காயைத் தொட்டால் அது போகக்கூடிய கட்டங்களில் புள்ளிகள் தெரியும். பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் வேறு காயைத் தொடலாம். நான் எல்லாக் காய்களையும் அப்படித் தடவித் தடவித்தான் யோசிக்கப் பழகியிருந்தேன். அத்தானின் மரப்பலகையிலும் என் விரல் தன்பாட்டில் போய்க் குதிரையின் தலையைத் தொட்டது. ஒரு புள்ளியும் வரவில்லை.

"தொட்டாச்சு. அதைத்தான் வைக்கவேணும்" என்றார் அத்தான்.

"சும்மா கை பட்டிட்டுது. விடுங்கோ அண்ணை" என்றார் என் கணவர்.

"கை பட்டதோ தொட்டதோ, சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்."

அந்தக் குதிரைதான் என் ராணியைக் காத்துக்கொண்டு நின்றது. அதை எங்கே வைத்தாலும் ராணி போகும். வைத்தேன், போனது. தேத்தண்ணி போட எழும்பும்போது என் கால் மேசையில் இடித்தது, வேண்டுமென்றுதான் இடித்தேன். கூடத்தில் அக்கா குஷனைத் தட்டிச் சரிசெய்துகொண்டு சாய்ந்தாள்.

வெள்ளவத்தைக் கடையொன்றில் மலிவான பிளாஸ்டிக் செஸ் பலகை வாங்கினேன். போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, ஆட்டத்தைப் பலகையில் ஆடினேன். வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு யோசிப்பேன். முடிவெடுத்த பிறகுதான் கை வெளியே வரும். பலகையில் காயை வைத்து, அதற்குப் பிறகு போனில் பதிவேன். தெரியாமல் விரல் பட்டுவிட்டால், அத்தானின் சட்டப்படி, பட்ட காயையே வைத்துத் தோற்பேன். "போனோட கோவிக்கிற முதல் ஆள் நீர்தான்" என்றார் என் கணவர். உம்மோடயும்தான் கோபம் என்றேன். அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை.

ஒருவழியாக அடுத்த போயாவும் வந்தது. அத்தான் கிழக்கே உதிக்கிற சூரியன் மாதிரி மாறாத மனிதர், அதே பிஷப்பை அதே இடத்தில் வெட்டினார். நான் கையைத் தொடைக்குக் கீழே வைத்தபடி ஆடினேன். அவர் பேசினார். புதுக்கடையில் அந்தக் கிழமை எந்த நீதவானை எப்படி மடக்கினார் என்று பேசினார். வெக்கையைப் பற்றிப் பேசினார். பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. அவருடைய ராஜா பலகையின் மூலையில் ஒடுங்கிப்போய், என் செக்குக்குத் தப்பி நகர இடமில்லாமல் நின்றது.

"வெண்டது நீர் இல்லை, உம்மடை கொம்பியூட்டர்" என்றார் அவர், பலகையைப் பார்த்தபடி. போன் கதையை என் கணவர்தான் சொல்லியிருக்கவேண்டும்.

"கொம்பியூட்டர் தேத்தண்ணி குடிக்காது. எனக்குப் போடுங்கோ, அத்தான்."

அவர் எழும்பவில்லை. அவர் கூப்பிடவும் தேவைப்படவில்லை. சோபாவில் உட்காரப் போன அக்கா, பாதியிலேயே நிமிர்ந்து குசினிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அவள் கேத்திலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ இரு அக்கா. தோத்தது அவர். அவர்தான் வரவேணும்."

"அந்தாள் வராது. உனக்குத் தெரியாதோ" என்றாள். கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது, அந்தக் கோபம் என் மேல்தான். "இந்த வீட்டில ஆர் தோத்தாலும் நான்தான் போடுறனான். நீ தோத்த நாளிலதான் கொஞ்சம் காலை நீட்டி இருந்தனான். உனக்கு இண்டைக்கு வெல்லவேண்டி வந்திட்டுது."

அவ்வளவு பயிற்சியிலும் அவள் ஒருத்தியை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. அடுப்பை நிறுத்தினேன். குசினிக்குள் கிடந்த ஸ்டூலை இழுத்து அவளை அதில் இருத்தினேன். கூடத்துக்குப் போய் குஷனை எடுத்துவந்து, அவள் முதுகுக்கும் சுவருக்கும் இடையில் வைத்தேன். நானே போட்டிருக்கலாம்தான். போட்டிருந்தால் அத்தான் வென்றிருப்பார்.

திரும்பிப் போய்ப் பலகைக்கு முன்னால் அமர்ந்தேன். அத்தான் அடுத்த ஆட்டத்துக்குக் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "தேத்தண்ணி எங்க?" என்றார்.

"கேத்தில் அடுப்பில இருக்கு. சீனி எங்கயெண்டு தெரியாட்டி அக்கா இருந்தபடி சொல்லுவா."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் போனைப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அன்று பின்னேரம் முழுக்க அந்த வீட்டில் ஒருவரும் தேத்தண்ணி குடிக்கவில்லை. நாங்கள் வீட்டுக்கு வெளிக்கிட்டபோதும் அக்கா எழும்பவில்லை, இருந்த இடத்திலிருந்தே கையைக் காட்டினாள்.