மேலாள் கீழே இருந்த நாட்கள்

அந்தக் கட்டட வேலையில் மேலாளர் என்று ஒருவர் இருந்தார். மேலாள் என்றும் ஒருவர் இருந்தார். மேலாளர் தகரக் கொட்டகையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர். மேலாள் ஆகாயத்தில் இருக்கிறவர். கோபுரக் கிரேனின் உச்சியில் கண்ணாடிப் பெட்டி போல ஒட்டிக்கொண்டிருக்கும் கேபினுக்குக் காலையில் ஏறினால், பொழுது சாயும்போதுதான் தரையில் கால் வைப்பார். கம்பி கட்டுகிற யாரோ விளையாட்டாகச் சொன்ன பெயர், அவருடைய சொந்தப் பெயரை விழுங்கிவிட்டது.

மேலே அவர் தனிக்காட்டு ராஜா. காற்று அடித்தால் கேபின் தொட்டில் மாதிரி ஆடும். பறவைகளின் முதுகை மேலிருந்து பார்க்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கீழே இருப்பவர்களின் முகம் தெரியாது, குரல் மட்டும் வாக்கி டாக்கியில் காதோரம் கேட்கும். "கொஞ்சம் இடது பக்கம் அண்ணே... இன்னும் கொஞ்சம்... போதும், இறக்குங்க." அவர் கை லேசாக அசைந்தால், ஒரு லாரி நிறைய இரும்புக் கம்பி பூ உதிர்வது போலப் போய்த் தளத்தில் உட்காரும்.

அந்த வேலையில் ஒரே ஒரு தொல்லை, காத்திருப்பது. கீழே சுமையைக் கட்டி முடிக்கும்வரை மேலே சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா இருக்கிற கை சிப்ஸ் பாக்கெட்டுக்குள் போகும். பாக்கெட் காலியானதே சில நாள் தெரியாது. வீட்டுக்குப் போனால் அங்கே டப்பா காத்திருக்கும். அவர் மனைவி ஒரு பேக்கரியில் கவுண்டரில் நிற்கிறவள். கடை சாத்தும்போது விற்காமல் நின்றுபோன கிரீம் பன், ஓரம் உடைந்த கேக், நசுங்கிய பிஸ்கட் எல்லாவற்றையும் வேலை செய்கிறவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். 'நாளெல்லாம் அந்தரத்துல கிடக்கிற மனுஷன்' என்று நல்லதாகப் பொறுக்கி டப்பாவில் அடைத்து வருவாள். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே, நின்று நின்று வலித்த தன் காலைப் பிடித்துவிட்டுக்கொள்வாள். அந்த வீட்டில் கொஞ்சல் என்றால் அதுதான்.

வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் அவரை எடைக் கருவியிலிருந்து இறங்கச் சொல்லி, மறுபடி ஏறச் சொன்னார். கருவியின் மேல் பழியைப் போட முடியவில்லை.

"பாதுகாப்பு பெல்ட் தாங்குற எடையைத் தாண்டிட்டீங்க. ரத்த அழுத்தமும் ஏறிக் கிடக்கு. நடு ஏணியில தலை சுத்தினா யாருங்க வந்து தூக்குறது?"

"இதுவரைக்கும் சுத்தினதில்லையே, டாக்டர்."

"சுத்துனப்புறம் இங்க வந்து சொல்ல மாட்டீங்க. குறைச்சுட்டு வாங்க. கையெழுத்துப் போடுறேன்."

மேலாளர் இரக்கப்பட்டு அவரை வேலையிலிருந்து நிறுத்தாமல் ஸ்டோரில் உட்கார வைத்தார். ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், சாக்கு கட்டுகிற கயிறு. கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் ஆட்கள் அவரை 'ஸ்டோர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "ஸ்டோர், ஒரு ஜோடி கிளவுஸ்." அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

அவருடைய இடத்துக்கு ஒல்லியான ஒருவன் வந்தான். நூல் என்று பெயர் வைத்தார்கள். ஸ்டோர் மேஜையில் ஒரு வாக்கி டாக்கி எப்போதும் முனகிக்கொண்டிருக்கும். அதில், கீழே நின்று கிரேனுக்கு வழி சொல்கிற சிக்னல்காரரின் குரல் வரும், நூல் பதில் சொல்வான். பதில் சொல்லப்போய் இவர் வாய் திறந்து மூடுவது வழக்கமாகிவிட்டது. வேலையில்லாத நேரத்தில் வாசலில் வந்து நின்று அண்ணாந்து பார்ப்பார். கிரேனின் நீளக் கை வானத்தில் மெல்லத் திரும்பும். கட்டிக்கொடுத்த மகளின் வீட்டைத் தெருவில் நின்று பார்க்கிற அப்பா மாதிரி, கழுத்து வலிக்கும்வரை நிற்பார்.

இறங்கிய அன்றே எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார். சர்க்கரை இல்லை, எண்ணெய் இல்லை, பொரித்தது இல்லை. அவித்த காய், முட்டை, பிடி சோறு.

"டப்பா கொண்டு வராதே," என்றார் மனைவியிடம்.

"ஒண்ணே ஒண்ணு கூடவா?"

"கண்ணுல பட்டா வாய் கேக்கும்."

அவள் கொண்டு வரவில்லை. கடை முடிந்து வந்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல அடுக்களையில் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு பாத்திரம் துலக்கப் போவாள். இருவருக்கும் பேச எதுவும் இல்லை என்பது அப்போதுதான் இருவருக்குமே தெரிய வந்தது.

மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். ஒரு மழை நாளில் வேலை நின்றுபோனது. வாக்கி டாக்கியில் நூல் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். மேலே மழை பெய்தால் எப்படி இருக்கும் என்று இவருக்குத் தெரியும். நான்கு பக்கமும் கண்ணாடியில் தண்ணீர் வழிய, ஊரே கரைந்துபோய், உலகத்தில் தான் ஒருவன்தான் என்று இருக்கும். அதை நினைத்துக்கொண்டே, ஆட்களின் டீக்கு வாங்கி வைத்திருந்த கிரீம் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். பூட்ஸ் பெட்டிகளின் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து அதை முடித்தார். இன்னொன்றையும் பிரித்து முடித்தார். என்ன ருசி என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. சட்டையில் உதிர்ந்த தூளைத் தட்டிவிட்டு, காலி உறைகளைப் பெட்டிகளுக்கு அடியில் செருகினார். அந்த வாரம் எடைக் கருவி முன்னைவிடக் கூடக் காட்டியது.

டாக்டர் அவரைத் தன் மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்கிற அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மாவே நல்ல பூசின உடம்புக்காரி. நாற்காலியில் நிறைந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் இவருக்குப் பாதி பயம் போய்விட்டது.

"என்னென்ன பிடிக்கும், சொல்லுங்க."

இவர் சந்தேகமாகப் பார்த்தார். "அவிச்ச காய்," என்றார்.

"நான் போலீஸ் இல்லைங்க. எதை நினைச்சா நாக்குல தண்ணி ஊறும்னு கேட்டேன்."

மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. சிப்ஸ், கிரீம் பன், சாக்லேட் கேக், பிஸ்கட், ஐஸ்கிரீம். கடைசியில் ஸ்டோரில் நடந்த திருட்டையும் சொல்லிவிட்டார்.

"ரொம்ப நாள் அடக்கி வச்சா அப்படித்தான் உடையும். ஒளிஞ்சு தின்னா கணக்கில்லாம உள்ள போகும்," என்றார் அந்த அம்மா. "இதுல எது போனா உங்களுக்கு நிஜமாவே மனசு கஷ்டப்படும்?"

அவர் யோசித்தார். சிப்ஸ் கை சும்மா இருந்ததற்காகத் தின்றது. பிஸ்கட் ஆத்திரத்தில் தின்றது. ஐஸ்கிரீம் பேச்சுக்குச் சொன்னது. மீதி இருந்தது பேக்கரியிலிருந்து வந்தது மட்டும்தான்.

"கேக்," என்றார், ஏதோ கூச்சப்படவேண்டிய விஷயம் போல.

"சரி, அதை விட வேண்டாம். வாரத்துல ஒரு நாள் வச்சுக்கோங்க. அன்னிக்கு மத்தியானமே வயிறாரக் காய்கறியோட சாப்பிட்டுடுங்க, சோத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க. பசியோட கேக்கைத் தொடாதீங்க. தட்டுல வச்சு, உக்காந்து, யார்கூடவாவது பேசிக்கிட்டே சாப்பிடுங்க. சிப்ஸ் ஆசை வந்தா நடுவுல ஒரு நாள் ஒரு சின்னக் கிண்ணத்துல. பாக்கெட்டோட உக்காராதீங்க. மத்த நாள் எல்லாம் ஒழுங்கா இருந்தா இது ஒண்ணும் பண்ணாது."

"அவ்ளோதானா?"

"நடக்கணும். அதையும் சொல்லணுமா?"

சனிக்கிழமை ஸ்டோர் மத்தியானத்தோடு மூடிவிடும். அன்று நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, மனைவியிடம் சொல்லாமல் பேக்கரிக்குப் போனார். இத்தனை வருடத்தில் அந்தக் கடைக்குள் அவர் கால் வைத்ததில்லை. கடை திறந்திருக்கும் நேரத்தில் அவர் மேலே இருப்பார்; ஞாயிற்றுக்கிழமை அடித்துப் போட்டாற்போலத் தூங்குவார். அவள் எங்கே நிற்பாள் என்றுகூட அவருக்குத் தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால், தலையில் வெள்ளைத் துணித் தொப்பியோடு, ஒரு பெரிய பெட்டிக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். அத்தனை வேகமாக அவள் விரல்கள் ஓடி அவர் பார்த்ததில்லை.

நிமிர்ந்து பார்த்தவள் ஒரு நொடி திகைத்தாள். பக்கத்தில் முதலாளி நின்றிருந்தார்.

"வாங்க சார், என்ன வேணும்?"

"சாக்லேட் கேக். ஒரு துண்டு."

"பார்சலா சார்?"

"இல்லைங்க. இங்கேயே."

அன்று காலையில் செய்த கேக்கில் நடுத்துண்டாக வெட்டி வைத்தாள். இருபது வருடமாக ஓரத்துண்டே தின்றவருக்கு அதன் வடிவமே புதிதாக இருந்தது. தெருவைப் பார்த்த கண்ணாடியோரம் ஒரு சின்ன மேஜை. கூட்டம் குறைந்ததும் முதலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்த நாற்காலியில நான் உக்காந்ததே இல்லைங்க," என்றாள். "துடைச்சிருக்கேன்."

"இன்னொரு ஸ்பூன் எடு."

"உங்களுக்கே ஒரு துண்டுதானே கணக்கு?"

"அதுல பாதி உனக்கு. யார்கூடவாவதுதான் சாப்பிடணுமாம், அந்த அம்மா சொன்னாங்க."

அவள் கரண்டியின் நுனியில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டாள். பிறந்தநாள் கேக்கில் பெயரைத் தப்பாக எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டது, தினமும் வந்து விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிற ஒரு பெரியவர், அடுப்பைப் பார்க்கிறவரின் குறட்டை என்று பேச்சு நீண்டது. இவளுக்கு இப்படி ஒரு பகல் இருந்திருக்கிறது என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. அவளிடம் கேட்டதுமில்லை.

அதன்பிறகு சனிக்கிழமை மத்தியானம் அந்த மேஜை அவர்களுடையது. மற்ற நாட்கள் அதற்காகவே நகர்ந்தன. வாரநாளில் யாராவது ஸ்டோரில் பிஸ்கட்டை நீட்டினால், "எனக்குச் சனிக்கிழமை இருக்குப்பா," என்பார். கேட்டவனுக்குப் புரியாது. சாப்பாட்டு இடைவேளையில் அவர்கள் எழுப்பிக்கொண்டிருந்த கட்டடத்தின் படிகளில் ஏறி இறங்கினார். முதலில் நாலு மாடிக்கே நாக்குத் தள்ளியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போய், ஒரு நாள் உச்சித் தளத்தில் நின்றார். எதிரே ஆகாயத்தில், கைக்கு எட்டுகிற தூரம் போல, அவருடைய கேபின். கண்ணாடிக்குள் நூலின் முகம் தெரிந்தது. இடுப்பில் இருந்த வாக்கி டாக்கி பேசியது.

"அண்ணே, உங்க சீட்டு எனக்குத் தொளதொளன்னு இருக்கு. காத்தடிச்சா உசிரு கையில இல்ல. எப்ப வருவீங்க?"

"வந்துகிட்டே இருக்கேன்," என்றார்.

பெல்ட்டில் புதிதாக ஓட்டை போடவேண்டி வந்தது. இடையில் ஒரு மாதம் எடை அசையாமல் நின்றது. கேக்கை நிறுத்திவிடலாமா என்று போய்க் கேட்டதற்கு, அந்த ஆலோசனை அம்மா, "அதை நிறுத்தினா மறுபடி பூட்ஸ் பெட்டிக்குப் பின்னாடிதான் போவீங்க. படியை இன்னும் ஒரு தரம் ஏறுங்க," என்றார். ஏறினார். குளிர்காலம் முடிகிறபோது டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

அவர் அதை எடுத்துக்கொண்டு ஓடியபோது, கட்டடம் தன் உயரத்தை எட்டிவிட்டிருந்தது. கிரேனைக் கழற்ற ஆள் வந்திருந்தார்கள். அவர் உட்கார்ந்திருந்த கேபின் ஒரு லாரியின் மேல் கயிறு கட்டிக் கிடந்தது. தரையில் பார்க்கும்போது ஒரு பெட்டிக்கடை அளவுகூட இல்லை. அதன் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

மேலாளர் அவரை ஊரின் மறுகோடியில் புதிதாக ஆரம்பித்த வேலைக்கு அனுப்பினார். அங்கே இன்னும் உயரமான கிரேன். முதல் நாள் ஏணியில் ஏறும்போது மூச்சு இரைக்கவில்லை. உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, வாக்கி டாக்கியைக் காதோரம் வைத்தார். கீழே பழைய சிக்னல்காரரின் குரல்: "மேலாள் வந்தாச்சா?"

"வந்தாச்சு," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அத்தனை மாதம் காத்திருந்தவர், அதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் கிரேனுக்குச் சனிக்கிழமை கிடையாது. முதல் சனிக்கிழமை மத்தியானம் சுமை கட்டி முடிக்கக் காத்திருந்தபோது பேக்கரித் தெரு எந்தப் பக்கம் என்று தேடினார். அந்தத் திசையில் அவரே கம்பி கம்பியாகத் தூக்கிக் கொடுத்த கட்டடம் வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை. மனைவி சாப்பாட்டுப் பையில் ஒரு துண்டு கேக் வைத்திருந்தாள். டப்பா மூடியில் வைத்து ஒரு வாய் எடுத்தார். கேக்கில் ஒரு குறையும் இல்லை. மூடிவைத்துவிட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் கடைக்குக் கிளம்பும் முன், வீட்டில் உட்கார்ந்து ஆளுக்குப் பாதியாகச் சாப்பிடுகிறார்கள். எடை ஏறவில்லை. அவள் அரைக்கண் கடிகாரத்தில் இருக்கும்; தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே பேசுவாள்.

"அந்த மேஜையில இப்ப யாரு உக்காருறாங்க?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார்.

"யார் யாரோ. நேத்து மத்தியானம் காலியாத்தான் கிடந்துச்சு. போய்த் துடைச்சுட்டு வந்தேன்."

"அழுக்கா இருந்துச்சா?"

அவள் குனிந்து செருப்பைத் தேடினாள்.

"மாசத்துல ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு கேக்கலாம்னு இருக்கேன்," என்றார்.

"குடுப்பாங்களா?"

"தெரியலை. மாத்துக்கு ஆள் வேணும். நூலைத்தான் கேட்டுப் பாக்கணும்."

"கேளுங்க," என்றாள் அவள், ஒரு செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபடி. "பயந்தாங்கொள்ளிப் பையன். கெஞ்சிக் கேளுங்க."