துவாயின் கீழ் கொடுத்த கை

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் இன்று நடைபெறும் முப்பத்தோராம் நாட் கிரியைக்கு வந்து, ஈரக் குடையோடு வாசலில் நின்று இந்நினைவு மலரைப் பெற்றுக்கொண்ட உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம். இங்கே தமிழ் அச்சகம் இல்லாமையால் கையால் எழுதிப் பிரதியெடுத்திருக்கிறோம். எழுத்து மங்கியிருக்கலாம். சொல்ல வந்த செய்தியில் மங்கல் இல்லை.

என் தம்பியாரின் உடல் தகனத்துக்குப் போன அன்றே, மண்டபத்தின் பின்வரிசையில், "அந்தாள் எல்லையிலை கடத்தின காசிலைதானே இஞ்சை வந்து சேர்ந்தது" என்று ஒருவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். இக்கட்டுரை அவருக்கான மறுமொழி.

தம்பியார் வடமராட்சியில், தபாலதிபராக இருந்த எங்கள் தந்தையாருக்கு இரண்டாவது மகனாகப் பிறந்தார். நான் பட்டம் பெற்றேன். அவரை வணிகவியல் படிக்கவெனக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். ஓராண்டில் படிப்பை விட்டு, உடன் படித்த வங்காள நண்பரின் ஊராகிய ஹிலிக்குப் போய்விட்டார். அதன்பின் தந்தையார் அவருக்குக் கடிதம் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

ஹிலி ஓர் எல்லைப் பட்டினம். கடைகளுக்குப் பின்னால் ஓடும் ரயில் பாதை அடுத்த நாட்டுக்கு உரியது. பாதையின் இரு பக்கமும் ஒரே வங்காள மொழி. அங்கே கடத்தல்காரர் இருந்தனர், நான் மறுக்கவில்லை. தம்பியார் செய்தது சாக்கு வியாபாரம். அரிசி ஆலைகள் கழித்துவிடும் சணற்சாக்குகளை வாங்கி, உதறி, வெயிலில் காயவைத்து, கிழிசல்களைத் தைத்து, தரம் பிரித்து விற்றார். சணல் தூசி அவர் நெஞ்சில் இறங்கியதும் அங்கேதான்.

அச்சந்தையில் வாய்விட்டு விலை பேசுவதில்லையாம். விற்பவரும் வாங்குபவரும் தோளில் போடும் ஒரு துவாயின் கீழ் கைகளைப் பிடித்து, விரல்களை அழுத்தி விலை தீர்ப்பார்கள். கை கொடுத்தபின் பேச்சு மாறக்கூடாது. மாறியே ஆகவேண்டுமெனில், மீண்டும் மறைவில் மற்றவரின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் கேட்க வேண்டும். அவர் கையைத் தளர்த்தினால் விடுதலை, இறுக்கினால் மறுப்பு. ஏழு ஆண்டுகளில் தாம் ஒரு தடவையும் அப்படிக் கேட்டதில்லை என்று தம்பியார் பின்னாளில் இங்கே வந்து பெருமையோடு சொன்னார். நான் கேட்டும் கேளாமலும் இருந்தேன்.

நாட்டுக் கலவரத்தின்பின் நான் டென்மார்க் வந்தேன். பெற்றோரும் காலமாகியிருந்தனர். எனவே அவரை அழைத்து முதன்முறையாகக் கடிதம் எழுதினேன். கிழக்கு பெர்லின் வழியாக, ஒரு பையோடு வந்து சேர்ந்தார். அகதி விண்ணப்பத்துக்கான பொலிஸ் விசாரணைக்கு முதல்நாள் எங்களுக்குள் நடந்த பேச்சை மறைக்காமல் எழுதுகிறேன்.

"அண்ணை, நான் உள்ளதைச் சொல்லுறன். சாக்கு விக்கிறது களவே?"

"தபாலதிபற்றை மகன் பழஞ்சாக்குப் பொறுக்கினவன் எண்டு ஊரெல்லாம் கதைக்கவோ? கல்கத்தாவிலை படிச்சுக்கொண்டிருந்தனான் எண்டு சொல்லு."

"ஏழு வருசமாயோ? என்ரை மண்டையைப் பாத்தால் பொலிசே நம்பான், அண்ணை."

நான் சிரிக்கவில்லை. அவர் தமது கழுத்துச் சால்வையை எடுத்து எங்கள் கைகளின் மேல் போட்டு, என் விரல்களை அழுத்தினார்.

"சரி. கை குடுத்திட்டன். இனி என்ரை வாயிலை ஹிலி வராது."

என்ன பாடங்கள் படித்தீர் என்று விசாரணையில் கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. விண்ணப்பம் கிடப்பிற் கிடந்தது. வேலை செய்யவும் அனுமதியில்லை. கல்கத்தாவில் அவரைப் படிப்பில் கண்டவர் இல்லை, எல்லையில் கண்டவர் உண்டு என்ற செய்தி மட்டும் எப்படியோ இங்கே வந்துவிட்டது. மறைப்பவன் கள்ளன் என்று நம்மவர் தீர்ப்பளித்தார்கள். மறைக்கச் சொன்னவன் நான்.

ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு பிறந்தநாள் வீட்டில், "என்ன மச்சான், தண்டவாளத்துக்கு அங்காலை என்ன கொண்டுபோனனி? பவுணோ, சாராயமோ?" என்று ஒருவர் கேட்கச் சபை சிரித்தது. தம்பியார் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த கேக் துண்டைப் பார்த்தேன்.

"காத்துத்தான் மச்சான், வெறுங் காத்து" என்று சொல்லி அவரும் சிரித்தார்.

நெஞ்சு நோய் முற்றி மருத்துவமனையில் கிடந்த கடைசி வாரத்தில், தொண்டையிற் குழாய் வைத்திருந்தமையால் அவருக்குப் பேச்சில்லை. ஒரு பிற்பகல், பார்வை நேரத்தில், என் கையைப் போர்வைக்குள் இழுத்துச் சின்ன விரலிலிருந்து ஒவ்வொன்றாக விரித்தார். வலி தாளாமல் செய்கிறார் என்றெண்ணி அவர் கையை இறுகப் பிடித்தேன். என் முகத்தைச் சற்றுநேரம் பார்த்திருந்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் காலமானார். அஸ்தியைப் பெற்றுக்கொண்டு வரும்போது, பஸ்ஸில்தான், அவர் என்ன கேட்டார் என்பது எனக்கு விளங்கியது.

அவரைத் தமது காரில் மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற பக்கத்து வீட்டு டேனியப் பெரியவருக்கும், முகம் துடைத்துவிட்ட தாதியர்க்கும், ஸ்கீவவிலிருந்து ரயிலேறி வந்து சமைத்துத் தந்த குடும்பத்தார்க்கும் என் நன்றி. பின்வரிசையில் இருந்தவர்க்கு நன்றி சொல்ல இயலவில்லை. அவரைப் பேசவைத்தவன் நான் என்பதால், குறைசொல்லவும் இயலவில்லை.

தம்பியார் கேட்ட விடுதலையை, காலம் கடந்தபின், உங்கள் முன்னிலையில் கொடுக்கிறேன். என் தம்பியார் ஹிலி என்னும் பட்டினத்தில் ஏழு ஆண்டுகள் பழஞ்சாக்கு வாங்கித் தைத்து விற்றவர். யாரும் கேட்டால் அப்படியே சொல்லுங்கள்.

இங்ஙனம்,
தமையன்