முழங்காலுக்குக் கீழே ஒரு தாழ்ப்பாள்

இது நடந்தது. நம்பாதவர்கள் புளியங்கூடலில் எங்கள் வீட்டு வாசலை வந்து பார்க்கலாம். கதவு இல்லை. பழைய படங்குத் துணி ஒன்றுதான் தொங்குகிறது.

எங்கள் தீவின் ஊர்காவற்றுறை ஒரு காலத்தில் பாய்க்கப்பல்கள் வந்து நின்ற துறை. எதிரே ஒடுங்கிய கடல், அதற்கப்பால் காரைநகர். இறங்குதுறைக்குப் போகும் தெருக்களில் பாழடைந்த வீடுகள் இன்றும் நிற்கின்றன. சொந்தக்காரர்கள் தெற்கில் கடை வைத்திருந்தவர்கள், இப்போது வெளிநாட்டில். அந்த வீடுகளிலிருந்து ஓடு, கூரை வளை, கதவு என்று கழற்றித்தான் தீவில் பல வீடுகள் எழும்பின. யாரும் அதைக் களவு என்று சொல்வதில்லை. நாங்களும் சொல்லவில்லை.

போன மாசியில் தங்கை நிலாந்தினியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. எங்கள் வாசலில் தகரக் கதவு. அப்பாவுக்கு அது வெட்கம். நானும் அவரும் கடப்பாரை அலவாங்கோடு போய், இறங்குதுறைப் பக்கம் ஒரு வீட்டின் தேக்குக் கதவை நிலையோடு பெயர்த்துக்கொண்டு வந்தோம்.

அதில் ஒரு தாழ்ப்பாள், முழங்காலுக்கும் கீழே. துருப்பிடித்து இறுகியிருந்தது. சுத்தியலால் அடித்து ஒருவாறு விலக்கினோம். பிறகு அது அசையவேயில்லை. மேலே புதிதாக ஒன்று பொருத்தினோம்.

“இவ்வளவு பதிவா ஆர் பூட்டினது? கோழியோ?” என்று நிலாந்தினி சிரித்தாள்.

மறுநாள் அப்பாவும் அம்மாவும் சாமான் வாங்கப் போய் யாழ்ப்பாணத்தில் தங்கிவிட்டார்கள். நிலாந்தினி உள் அறையில் படுத்தாள். நான் படிப்பை விட்டவன். ஐஸ் ஆலையில் இரவு வேலை. வேலையில்லாத இரவிலும் தூக்கம் வராது. முன் அறையில் பாயில் கிடந்தேன்.

ஒன்று நாற்பது.

சர்ர்...

சிமெந்துத் தரையில் துணி இழுபடும் சத்தம். குசினி அடுப்படிப் பக்கமிருந்து. பூனை என்று நினைத்தேன்.

சர்ர்... நின்றது. சர்ர்...

கைபேசி வெளிச்சத்தை அடித்தேன். ஒருவருமில்லை. தரையில் மட்டும் ஈரமான ஒரு பட்டை... என் பாய்வரை.

“ஆர் நீர்?”

பெண் குரல். என் காதுக்கு நேரே. நான் படுத்திருந்தேன்... குரலும் தரையில்தான் இருந்தது.

“எங்கட ஆக்கள் வந்திட்டினமோ?”

“இ... இல்லை அக்கா.”

“அப்ப பூட்டுறன்.”

மேல் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தேன். ஓடினேன்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

டக்.

கீழ்த் தாழ்ப்பாள்.

உள்ளே என் தங்கை.

நான் தட்டவில்லை. அவளைக் கூப்பிடவில்லை. விடியும்வரை வெளியே ஒழுங்கையில் நின்றேன். அவ்வளவுதான் செய்தேன்.

வெளிச்சம் வந்ததும் கதவு திறந்தது. நிலாந்தினி குந்தியிருந்தாள். ஒரு கையால் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தாள். மறு கையின் ஒரு விரல் கீழ்த் தாழ்ப்பாளில்.

“உனக்கு ஆர் காட்டினது?”

“ராத்திரி ஒரு அக்கா. தூக்கித் தள்ளு, இலேசா வரும் எண்டவ. கனவு எண்டு நினைச்சன்.” என்னைப் பார்த்தாள். “அண்ணை, நீ எங்க போனனீ?”



அப்பா வந்ததும் கதவைத் திருப்பிக் கொண்டுபோனோம். அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அல்போன்சம்மா வேலியால் எட்டிப் பார்த்தார்.

“இது ஞானசவுந்தரியின்ர கதவெல்லோ தம்பி. கால் ஏலாத பிள்ளை. தவழ்ந்து வந்து பூட்டட்டும் எண்டு தேப்பன் பதிவாப் போட்டுக் குடுத்தவர். சண்டைக்க இடம்பெயரேக்க வள்ளத்தில இடமில்லை. பின்னேரம் வந்து தூக்கிறம், பூட்டிக்கொண்டு இரு எண்டு சொல்லிப்போட்டுப் போனவை. பிறகு வள்ளம் ஓடேல்லை.”

“பிறகு?”

“ஆரும் கூட்டிக்கொண்டு போயிருப்பினம் எண்டு எல்லாரும் நினைச்சம்.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

நாங்கள் அலவாங்கு போட்ட அன்று அந்தக் கதவு பூட்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே. உள்ளிருந்து.

அந்த வீட்டின் பின்னால் சாத்திய அறை ஒன்றும் இருந்தது. “பாம்பு கிடக்கும், போகாதை” என்றார் அப்பா. நான் போகவில்லை.

கதவைத் திரும்ப நட்ட அன்றும் போகவில்லை.