மூன்றாம் நாள் ரத்தம்

எண்பதுகளின் தொடக்கத்தில், மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் இருந்த ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தேன். காய்ச்சல் கண்ட மூன்றாம் நாளே டைபாய்டு பார்க்க வருகிறவர்களிடம் எரிந்து விழுவேன். "உள்ள கிருமி இருந்தாலும் இப்ப காட்டாதுங்க. அதை எதுக்குற சத்து ரத்தத்துல ஊற ஒரு வாரமாவது ஆகும். அப்புறம் வாங்க." திமிர் பிடித்தவள் என்று பேர். இருந்துவிட்டுப் போகட்டும், சொன்னது சரிதானே.

என் கணவருக்குக் காய்ச்சல் வந்தபோது அந்தப் புத்தி எங்கே போய்த் தொலைந்ததோ! மணப்பாறையில் அவர் தங்கைக்குக் கல்யாணம், இன்னும் நாலே நாள். "ஒண்ணுமில்லன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா நிம்மதியா கிளம்பிடுவேன்," என்றார். அண்ணன் இல்லாமல் கல்யாணமா என்று எனக்கும் அடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில், எங்கள் கைலாசபுரம் குவார்ட்டர்ஸ் வீட்டு அடுப்படியில் உட்கார வைத்து நானே ரத்தம் எடுத்தேன்.

டைபாய்டு இருந்தால் குழாயில் பால் திரிந்த மாதிரி அடியில் திரண்டு நிற்கும். மறுநாள் லேபில் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றிலும் திரளவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து, "டைபாய்டு இல்லீங்க!" என்று சின்னப் பெண்போலக் கத்தினேன். நான் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்த டாக்டரும், எந்த நாளில் எடுத்த ரத்தம் என்று கேட்காமல், சாதாரணக் காய்ச்சல் மாத்திரை எழுதினார். நானும் சொல்லவில்லை.

கல்யாணத்தில் வேர்க்க விறுவிறுக்கப் பந்தி விசாரித்தார். ஊர் திரும்பியபின் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. "அதான் பாத்துட்டோமே" என்று நானே எல்லோருக்கும் பதில் சொன்னேன், பாவி.

பதினோராம் நாள் பிதற்ற ஆரம்பித்தார். வயிறு வீங்கிக் கல்லாக இருந்தது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "குடல்ல ஓட்டை விழுந்திருக்கும்போல இருக்கும்மா. இத்தனை நாள் என்ன பண்ணீங்க?" என்றார். என் கணவரை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். நான் அவர் ரத்தத்தை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடினேன்.

மறுநாள் பார்த்தால், வரவர நீர்க்கக் கலந்து வைத்த குழாய்களில் கடைசிக் குழாய்வரை திரண்டிருந்தது. டைபாய்டு இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து அந்த உடம்பு ஒண்டியாக நின்று போராடியிருக்கிறது. 'பாசிட்டிவ்' என்று எழுதி, சீட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் ஓடினேன்.

வார்டு வாசலில் அவர் தங்கை, தாலிக் கயிற்றின் மஞ்சள் மங்காமல், தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"அண்ணன் போயிருச்சு அண்ணி. ஒண்ணுமில்லன்னு நீங்க சொன்னீங்களே?"