தாடையைத் தாழ்த்தி ஒரு வாய்

சிவப்பிரகாசம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். தொண்ணூற்றெட்டாம் வருஷம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. கையும் காலும் போனதைவிட அவரை வதைத்தது மூக்கில் சொருகியிருந்த குழாய்தான். நாக்குக்குத் தெரியாமல் வயிறு நிறைவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் மெர்லின், விழுங்குவதையும் பழக்கலாம் என்றார். மனைவி மலர்கொடியையும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். நேராக உட்கார்ந்து, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, சின்ன ஸ்பூனில் கூழ் பதத்தில் ஒரு வாய். விழுங்கியபின் வெறும் வாயோடு இன்னொரு முறை விழுங்க வேண்டும். தண்ணீர், டீ மாதிரி நீர்த்தவை இப்போதைக்கு வேண்டாம். தொண்டை சுதாரிப்பதற்குள் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவர் மெல்ல மெல்லப் பழகியதும் குழாயை எடுத்தார்கள்.

சுரங்கக் குவார்ட்டர்ஸ் வீட்டுக்குத் திரும்பிய அடுத்த வாரம், சேத்தியாத்தோப்பிலிருந்து அண்ணன் சடையப்பன் இளநீரோடு வந்தார். மலர்கொடி பால் வாங்கப் போயிருந்தார். படுத்திருந்த தம்பியின் வாயில் அண்ணன் ஆசையாக ஊற்றினார். இருமல் நிற்கவேயில்லை. மறுநாள் காய்ச்சல். நுரையீரலில் சளி கட்டி, மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி குழாய்.

அதிலிருந்தும் மீண்டு வீடு வந்ததும், வருகிறவர்கள் யாரும் எதுவும் ஊட்டக்கூடாது என்று மலர்கொடி சொல்லிவிட்டார். புருஷனைப் பட்டினி போடுகிறாள் என்று உறவில் பேச்சு கிளம்பியது.

அதற்குப் பதில் சொன்னது சிவப்பிரகாசம்தான். அண்ணன் திரும்ப வந்து, ஒரு மடக்கு மோராவது கொடுக்கக் கூடாதா என்று மலர்கொடியிடம் கேட்டபோது, சிவப்பிரகாசம் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழைக் கேட்டு வாங்கினார். இடது கையால் ஸ்பூனைப் பிடித்து, தாடையைத் தாழ்த்தி விழுங்கினார். மறுபடி விழுங்கினார். தொண்டையில் ஏதும் தங்கிக் குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று "ஆ" சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"நானே சாப்ட்டுக்கினு இருக்கறேண்ணா," என்றார், ஒவ்வொரு சொல்லாக. "மலரு சொல்றபடி செஞ்சா எனக்கு எறங்குது."

சடையப்பன் கிண்ணம் காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்தில் சிவப்பிரகாசம் சுரங்கத்திலேயே, உடலுழைப்பு அதிகமில்லாத லைட் டூட்டியில் சேர்ந்தார். அதே வருஷம் வடலூரில் அண்ணன் மகள் கல்யாணம். பந்தியில் எல்லாரும் எழுந்த பிறகும், குழைத்த சோற்றை நிதானமாக விழுங்கிக்கொண்டு அவர் மட்டும் இலைமுன் இருந்தார். அடுத்த பந்திக்கு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சடையப்பன் அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"எந்தம்பி சாப்பிடறான். செத்த இருங்க."