சாட்சியில் விட்டுப்போன பேர்

திருச்செங்கோட்டுப் பக்கம் அந்தத் தகரக் கொட்டகைச் சபையில் மார்த்தாளின் சாட்சியைக் கேட்காத ஆள் கிடையாது. வருஷா வருஷம் ஆடி மாசத்து ஞாயிறு ஒன்றில் மைக்கைப் பிடித்தாளென்றால் கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் சொல்லுவாள்.

ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன்னால் அவள் பேர் சரசு. புருஷன் கைலாசம் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் வேலை பார்த்தவன். கிளம்பினால் மாசக்கணக்கில் வடக்கே போய்விடுவான். ஒரு தடவை வண்டி கிளம்புகிற நேரம் பார்த்து அவனுக்குக் கடுங்காய்ச்சல். பக்கத்துத் தெருப் பையன் மதன் அவனுக்குப் பதிலாக ஏறிப் போனான். போன இடத்தில் வண்டியின் இரும்புக் கம்பத்தை நிமிர்த்தும்போது மேலே போன கரண்டுக் கம்பியில் பட்டுவிட்டது. பையனைப் பொட்டலமாகத்தான் கொண்டுவந்தார்கள். முகத்தைக்கூடத் திறந்து காட்டவில்லை.

"அன்னைக்கு எங்க ஊட்டுக்காரரு போயிருந்தா நான் இன்னைக்குத் தாலியறுத்தவ. வேற ஒரு தம்பி போனான், போயிட்டான். காய்ச்சலக் குடுத்துக் காப்பாத்துன கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

இதுதான் சாட்சி. சபை அல்லேலூயா என்று அதிரும்.

கைலாசம் ஒரே ஒரு தடவைதான் அதைக் கேட்டான். வீட்டுக்கு வந்து, "நான் உசுரோட இருக்கறதத் தம்பட்டம் அடிக்காத புள்ள. சோறு எறங்க மாட்டீங்குது" என்றான். சபைக்கு வருவதை அன்றோடு விட்டான். இப்போது நாமக்கல்லில் முட்டை லாரிக்கு லோடு ஏற்றுகிறான். மார்த்தாளோ அவனுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று உபவாசம் இருந்து ஜெபித்தாள். இவளை என்னவென்று சொல்ல!

இந்த வருஷம் சாட்சி நாளன்று கடைசிப் பாயில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் திருநீறு. பார்த்ததும் மார்த்தாளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. கோகிலவாணி! மதனைப் பெற்றவள்.

மார்த்தாள் பாஸ்டரிடம் ஓடினாள். "அய்யா, இன்னைக்குச் சாட்சி வேண்டாமுங்க. அந்தப் பையனோட அம்மா வந்திருக்குது."

"ரொம்ப நல்லதாப் போச்சும்மா. அவங்களும் ஆண்டவரை அறியட்டும். தைரியமாச் சொல்லு" என்று தோளைத் தட்டாத குறையாக அனுப்பிவிட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் பக்கத்தில் ஒரு நிமிஷம் போய் உட்கார அவருக்குத் தோன்றவில்லையே.

மார்த்தாளே போய்ப் பக்கத்தில் குந்தினாள். "வாங்க அக்கா."

"வருசா வருசம் சாட்சி சொல்றயாமா சரசு. ரேசன் கடையில பேசிக்கிட்டாங்க." கோகிலவாணி குரலை உயர்த்தவில்லை. "உங்க சாமி உம்பட புருசனக் காப்பாத்துனாரு, செரி. எம்பட பையன எதுக்கு அனுப்புனாருன்னும் அதுல வருதான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் கத்தியிருந்தால்கூட இவள் தாங்கியிருப்பாள். பாட்டு நடக்க நடக்க மார்த்தாள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலை நேரம் கண்முன்னே வந்து நின்றது. மதன் பையோடு வீட்டுக்கு வந்து, காய்ச்சலில் கிடந்தவன் காலைத் தொட்டுப் பார்த்து, "நீங்க படுங்கண்ணா, இந்த ட்ரிப் நான் பாத்துக்கறேன்" என்றான். அவள் கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்தான். "போயிட்டு வாரேனுங்க அக்கா." அதற்கப்புறம் இழவு வீடு. கோகிலவாணியைக் கட்டிப்பிடித்து மாரில் அடித்துக்கொண்டு அழும்போதே இவள் நெஞ்சுக்குள் ஒரு சொல் ஓடியது: நல்லவேளை. அந்த நல்லவேளைக்குத்தான் பின்னால் ஸ்தோத்திரம் என்று பேர் வைத்தாள். அதைத்தான் இத்தனை வருஷமும் கர்த்தர் காரியம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். அடிப் பாவி என்று அவளுக்கே அவள்மேல் அருவருப்பாக இருந்தது.

மைக் கைக்கு வந்தது.

"செத்துப்போன தம்பி பேரு மதன்" என்றாள். "எங்க ஊட்டுக்காரருக்குப் பதிலாப் போனான். அவனப் பெத்த அம்மா இங்கதான் இருக்காங்க. நான் அவன் சாவ வெச்சு ஸ்தோத்திரம் சொல்லிட்டு இருந்திருக்கேன், நீங்களும் கூடச் சொன்னீங்க. இவர ஏன் உட்டாரு, அவன ஏன் எடுத்தாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி இனிமே பேச மாட்டேன்."

ஒருத்தர் வாயிலிருந்தும் அல்லேலூயா வரவில்லை. எல்லாரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் மைக்கை வாங்கி அவசரமாக ஒரு பாட்டை எடுத்துவிட்டார்.

வெளியே செருப்புக் குவியலில் கோகிலவாணி தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். மார்த்தாள் போய் நின்றாள்.

"அப்ப உனக்கும் தெரியாது" என்றாள் கோகிலவாணி.

"தெரியாதுங்க அக்கா."

"அப்பறம் எதுக்கு இங்க வாரே? உம்பட சாமிகிட்ட இனிமே என்னத்தக் கேப்ப?"

"மதன ஏன் எடுத்தீங்கன்னு கேப்பேன்."

"பதில் சொல்லாட்டி?"

"அப்பவும் அவருகிட்டத்தானுங்க அக்கா கேக்கோணும். வேற ஆருகிட்டப் போயிக் கேக்கறது?"

கோகிலவாணி செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள். "கேளு. நானும் எங்க முருகன்கிட்ட அதையேதான் கேட்டுட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.