கழுவிப் போன களிமண்

வேலை இடத்தில் அவன் பெயர் கூழாங்கல். சேர்ந்த இடமெல்லாம் உருட்டிவிட, முனையெல்லாம் தேய்ந்து வந்து சேர்ந்தவன் என்று அக்கா வீட்டுக்காரர் வைத்த பெயர். பொருத்தம்தான் என்று அவனே ஒப்புக்கொள்வான். கருங்கல் என்று சொல்ல உறுதி போதாது. மணல் என்று சொல்ல அடக்கம் போதாது.

மாமாவுக்குத் தரையைத் துளைக்கும் தொழில். கட்டடம் எழும்பும் முன், அடியில் என்ன கிடக்கிறதென்று இயந்திரம் வைத்து உருளை உருளையாக வெளியே எடுப்பார். மேலே மணல், அப்புறம் வண்டல், சரளை, களிமண், கடைசியில் பாறை. வரிசை மாறாமல் அவற்றை நீளப் பெட்டிகளில் அடுக்குவது கூழாங்கல்லின் வேலை. மூளை தேவையில்லை என்று மாமா சொன்ன பிறகுதான் அவன் துணிந்து சேர்ந்தான்.

"மண் பார்க்கிற இன்ஜினியரம்மா மத்தியானம் வர்றாங்க. பள்ளிக்கூடம், நாலு மாடி. பெட்டியைச் சுத்தமா வை மாப்ளே" என்று சொல்லிவிட்டு மாமா போய்விட்டார்.

வைத்தான். தண்ணீர்க் குழாயை எடுத்து, களிமண்ணும் பாறையும் கிடந்த பெட்டியில் தலை முதல் கால் வரை பீய்ச்சினான். பாறைத் துண்டுகள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளத்தன. களிமண் இருந்த இடத்தில் பலகை பளபளத்தது. களிமண், பால் விட்ட காப்பி நிறத்தில் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்த வேலையும் போனால் அக்கா வீட்டுச் சோறும் கூடவே போகும். வேலைக் கொட்டகைக்குப் பின்னால் வெயிலில் காய்ந்த மேட்டில் களிமண் தோண்டி, லேசாக ஈரம் காட்டி உருட்டி, காலி இடத்தில் படுக்கவைத்தான். அச்சு அசல். படிப்பில் கைவேலை ஒன்றுதான் அவனுக்கு வந்தது.

மாமா வெளியே வண்டியை நிறுத்துவதற்குள் இன்ஜினியரம்மா உள்ளே வந்து, களிமண்ணைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். விரல் இறங்கவில்லை.

"நல்லா இறுகியிருக்கே. அஸ்திவாரம் ரொம்ப ஆழம் வேண்டாம்."

நேற்று அவன் அடுக்கிய களிமண் தொட்டாலே வெண்ணெயாக அமுங்கியது. படிக்கிற காலத்தில், பள்ளிக்கூடம் இடிந்து விழட்டும் என்று அவன் எத்தனையோ நாள் வேண்டியிருக்கிறான். ஆனால் லீவு நாளாகப் பார்த்துத்தான் வேண்டினான்.

"அம்மா, இது பூமியிலிருந்து வந்தது இல்ல. நான் பண்ணது."

"என்னது?"

"அசலைக் கழுவிட்டேன். அது கொழகொழன்னு இருந்துச்சு. விரல் உள்ளேயே போகும்."

வாசலில் நின்ற மாமா தலையில் கைவைத்தார். "களிமண்ணைக் கழுவினியா? மண்ணைக் கழுவினா என்னடா மிஞ்சும்?"

"பெட்டி மிஞ்சிச்சு மாமா."

இன்ஜினியரம்மா சிரிப்பை விழுங்கிக்கொண்டு, பழைய துளைக்குப் பக்கத்திலேயே மறுபடி துளை போடச் சொன்னார். கூழாங்கல் சாப்பாட்டுத் தூக்கை எடுத்தான். போடா என்று சொல்லுமுன் போய்விடுவது அவன் வழக்கம்.

"எங்கே கிளம்பிட்டே?"

"வீட்டுக்கு."

"உங்க அக்காவுக்கு நானா பதில் சொல்றது? இரும்புக் குழாயை வண்டியில ஏத்துடா. இந்தத் தடவை களிமண் வர்றப்போ நீதான் அவங்களுக்குக் காட்டணும்."

ஏற்றினான். ஒன்று நழுவிக் காலில் விழுந்தது. வலிக்கிறதா என்று மாமா கேட்டதற்கு இல்லை என்றான். ஒரு நாளைக்கு ஒரு உண்மை போதும்.